குதிரை ராட்டினத்தடியில் ஒரு கலியாண விருந்து

1. சிப்ஸ் கவுண்டரிலிருந்து

அந்தத் தீம் பார்க்கில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், தலைக்கு ஒரு வெள்ளைத் தொப்பியைத் தந்து சிப்ஸ் கவுண்டரில் நிறுத்தினார்கள். எண்பதுகளின் கடைசி அது. கோலியர்ஸ் வுட்டில் விடிய ஸ்டாஃப் கோச் பிடித்தால், லண்டனுக்கு வெளியே ஒரு மணித்தியாலம் ஓடி பார்க்கின் பின்வாசலில் இறக்கிவிடும். மன்னாரில் தபால் கந்தோரில் முத்திரை குத்திய கையால் அன்று முழுக்க உப்புத் தூவினேன். இப்படியான நேரத்தில் வெட்கமாக இருந்தது என்று எழுதுவதுதான் வழக்கம். எனக்கு வெட்கமெல்லாம் இல்லை, கால்தான் வலித்தது.

சில வருடங்களில் ஃபங்ஷன்ஸ் பகுதிக்கு வந்துவிட்டேன். பிறந்தநாள், கம்பனி பிக்னிக், பென்ஷன் எடுத்தவர்களின் பகல் விருந்து, எல்லாம் எங்கள் கையால்தான். பிறகு சட்டம் மாறியது. பதிவுக் கலியாணத்தை கவுன்சில் கந்தோருக்கு வெளியிலும் வைக்கலாம் என்று வந்தவுடன், பார்க்கின் நடுவே இருந்த பழைய பிரபு வீட்டுக்கு நிர்வாகம் லைசென்ஸ் எடுத்தது. அங்கே ஒரு கலியாணத்தை முழுப் பொறுப்பாக என்னிடம் முதலில் தந்தபோது, அது அங்கே வேலை செய்த எங்கள் தமிழ்ப் பிள்ளைகள் இருவரின் கலியாணமாகவே அமைந்தது.

மாப்பிள்ளை சிவகரன் தென் லண்டனில் நோர்பரிப் பெடியன். பார்க்கில் குதிரை ராட்டினத்தை ஓட்டுபவன். பொம்பிளை வதனி, அந்த ராட்டினத்துக்கு எதிரே டோநட் கடையில் நிற்பவள். வன்னியிலிருந்து தனியாக வந்து சேர்ந்த பிள்ளை. தாய் தகப்பன் இன்னும் அங்கே, போன் போகாத ஊரில் இருந்தார்கள். இரண்டு பேரும் ஒரு மத்தியான இடைவேளையில் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்கள்.

"அக்கா, நாப்பது பேர்தான். பெரிசா ஒண்டும் வேண்டாம். ஆனா சனம் வயிறாரச் சாப்பிட்டுப் போகவேணும்," என்றான் சிவகரன்.

"எவ்வளவு வைச்சிருக்கிறியள்?"

அவன் சொன்ன தொகையைக் கேட்டு நான் சிரிக்கவில்லை. அதற்காகவே எனக்கு ஒரு மெடல் தந்திருக்கலாம்.

2. டோநட் மெஷின்

மலிவாகச் செய்வது ஒரு வித்தை. இல்லாததை நினைத்து அழாமல், சும்மா கிடப்பது எதுவென்று தேட வேண்டும். ராட்டினத்துக்குப் பக்கத்திலிருந்த தேநீர்ச்சாலை ஞாயிற்றுக்கிழமைகளில் நாலு மணிக்குப் பூட்டப்படும். அதன் பிறகு அது சும்மா கிடக்கும் இடம். ஊழியர் கலியாணம் என்று சொல்லி, நாலரையிலிருந்து பார்க் அடங்கும்வரை வாடகையில்லாமல் வாங்கிவிட்டேன். சமையல் ஆட்களின் ஷிப்ட் ஆறு மணிக்கு முடியும். அதற்குள் பரிமாறினால் ஓவர்டைம் கட்டத் தேவையில்லை. பதிவு பிரபு வீட்டில் மூன்றரைக்கு. தாலியையும் அந்த அறையிலேயே கட்டிக்கொண்டு நாலரைக்கு ஆராத்தியோடு தேநீர்ச்சாலைக்குள் வரலாம். கச்சிதமான திட்டம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

சாப்பாடுதான் இடித்தது. மேலாளர் மிஸ்டர் ஹாரிஸ் நல்ல மனிதர், ஆனால் சட்டப் புத்தகத்தைத் தலையணைக்குக் கீழே வைத்துப் படுப்பவர்.

"ஸ்டெல்லா, வெளிச் சாப்பாடு ஒரு கரண்டிகூட உள்ளே வரக்கூடாது. கலியாணக் கேக் மட்டும்தான் விதிவிலக்கு."

"எங்கள் கேக் ஒரு துண்டாக இருக்காது, மிஸ்டர் ஹாரிஸ். பல துண்டாக இருக்கும்."

"எத்தனை துண்டு?"

"ஒரு முன்னூறு."

அவர் பேனாவின் மூடியைக் கழற்றினார். பிறகு ஃபோர்மில் 'கேக், பெரியது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அப்படித்தான் பயற்றம் பணியாரமும் சிப்பிப் பலகாரமும் முறுக்கும் வாசல் தாண்டின.

சூடான சாப்பாடு பார்க்கின் குசினியில்தான் ஆக வேண்டும். கலியாண நாளில் மரக்கறிச் சாப்பாடு. ஆனால் அங்கிருந்த ஃப்ரையர் எல்லாவற்றிலும் மீன் பொரித்திருந்தார்கள். எண்ணெயை மாற்றலாம், வாடையை என்ன செய்வது? வதனிதான் வழி சொன்னாள்.

"என்ரை கடை ஃப்ரையரிலை மீன் பட்டதே இல்லை அக்கா. டோநட் மட்டும்தான்."

பிறகு தன்பாட்டிலேயே சிரித்தாள். "மெஷினே ஓட்டை போட்டுத்தான் விடும். உழுந்தை அரைச்சு ஊத்திப் பாப்பமோ?"

ஒரு மாலை பார்க் பூட்டிய பிறகு ஊற்றிப் பார்த்தோம். முதல் ஈட்டில் மா குழாயில் இறுகி நின்றுவிட்டது. கொஞ்சம் தண்ணீர் விட்டு இளக்கினோம். இரண்டாம் ஈட்டில், ஒரே அளவில், ஒரே வட்டத்தில், வரிசையாக வடை விழத் தொடங்கியது. எங்கள் கையால் தட்டிய ஒரு வடையும் இவ்வளவு ஒழுங்காக இருந்ததில்லை. உருளைக்கிழங்குக் கறிக்கும் சோற்றுக்கும் குசினி இருந்தது. இனி என்ன, காரியம் முடிந்தது என்று நினைத்தேன்.

3. கலண்டர்

கலியாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது சிவகரன் முகம் செத்து வந்து நின்றான்.

"அக்கா, அம்மா வரமாட்டாவாம்."

"என்னடா நடந்தது?"

"அழைப்பிதழிலை நேரத்தைப் பாத்திட்டா. ஞாயிற்றுக்கிழமை நாலரையிலை இருந்து ஆறு மட்டும் ராகுகாலம். அந்த நேரத்திலை தான் ஆராத்தி எடுக்கமாட்டாவாம், அந்த வாசல்படியும் மிதிக்கமாட்டாவாம்."

எனக்கு யாரோ தலையில் குட்டியதுபோல இருந்தது. நான் கத்தோலிக்கக் குடும்பம். எங்கள் வீட்டுக் கலண்டரில் பெருநாளும் ஒருசந்தியும் இருக்கும், ராகுகாலம் இருக்காது. அறை சும்மா கிடைத்த சந்தோஷத்தில், ஒரு சைவக் கலியாணத்துக்கு நேரம் குறிக்கும்போது ஒரு வார்த்தை கேட்க எனக்குத் தோன்றவில்லை. சிவகரனுக்கும் தோன்றவில்லை, அவன் காதலில் இருந்தான், அவனுக்கு எல்லா நேரமும் நல்ல நேரம். தவறு என்னுடையதுதான்.

ஆறு மணிக்குத் தள்ளலாமென்றால் ஓவர்டைம். முன்னால் இழுத்தால் தேநீர்ச்சாலையில் சனம். இரண்டுக்கும் அவர்களிடம் பணமில்லை. அன்று பின்னேரம் டோநட் கடைக்குப் போனேன். வதனி சீனி தூவிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் பேசினாள்.

"எனக்கு இஞ்சை எண்டு ஆர் இருக்கினம் அக்கா? மாமி ஒராள்தான் வந்து ஆராத்தி எடுத்துக் கூட்டிக்கொண்டு போகவேணும். அவ வராட்டி அது கலியாணமில்லை. வெறும் பதிவு."

அவள் குரலில் அழுகை இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

4. எட்டாம் பங்கு

அடுத்த நாள் லீவு போட்டு நோர்பரிக்குப் போனேன். சிவகரனின் தாய் பரமேஸ்வரி யாழ்ப்பாணத்தில் கணக்குப் படிப்பித்தவர். எல்லோருக்கும் டீச்சர்தான். கணவர் முன்னறையில் பேப்பர் வாசிக்க, என்னைக் குசினி மேசையில் இருத்தித் தேத்தண்ணி தந்தார்.

"பிள்ளை, நீ ஆளைக் கதைச்சு வளைக்க வந்திருந்தா, தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போ."

"இல்லை டீச்சர். நேரம் குறிச்சது நான். மன்னிப்புக் கேக்க வந்தனான்."

அவர் தன் கோப்பையோடு எனக்கு எதிரே வந்து இருந்தார். பிறகு சொன்னார்: "நான் இதுகளைப் பாத்துச் சிரிச்ச ஆள். வகுப்பிலை பகிடி பண்ணுவன். என்ரை மூத்தவன் வீட்டை விட்டு வெளிக்கிட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாலே முக்கால். கடைக்குப் போட்டு வாறன் எண்டவன். அண்டைக்கு நான் கலண்டர் பாக்கேல்லை."

மகன் திரும்பி வரவில்லை என்பதை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அதிலை ஒண்டும் இல்லையெண்டு எனக்குத் தெரியும். ஆனாலும் இன்னொரு பிள்ளையை அந்த நேரத்திலை ஒரு வாசல் தாண்ட விட என்னாலை ஏலாது."

நான் சுவரைப் பார்த்தேன். தமிழ்க் கடை தந்த கலண்டர் தொங்கியது; ஊர் நேரத்துக்கு அச்சடித்தது. அதைப் பார்த்தபோது எனக்கு எங்கள் மின்சாரப் பகுதியின் சுவர் ஞாபகம் வந்தது. பார்க்கில் எப்போது விளக்குப் போடுவது என்பதற்காக, ஒவ்வொரு நாளும் சூரியன் உதிப்பதும் மறைவதும் அங்கே ஓர் அட்டவணையாக ஒட்டியிருக்கும்.

"டீச்சர், ராகுகாலத்தை எப்பிடிக் கணக்குப் பாக்கிறது? எனக்குத் தெரியாது, அதுதான் கேக்கிறன்."

"பகலை எட்டாப் பிரிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை எண்டா கடைசிப் பங்கு. சூரியன் ஆறுக்கு உதிச்சு ஆறுக்குப் படுது. பன்னிரண்டை எட்டாலை பிரிச்சா ஒண்டரை. நாலரையிலை இருந்து ஆறு."

"இஞ்சை இப்ப ஆறு மணிக்கு எங்கை டீச்சர் பொழுது படுது?"

அவருடைய கை கோப்பையில் அப்படியே நின்றது. நான் பார்க்குக்குப் போன் எடுத்தேன். மின்சாரப் பகுதியில் இருந்தவர் அட்டவணையைப் பார்த்துச் சொன்னார்: அந்த ஞாயிறு உதயம் காலை ஐந்து, மறைவு இரவு ஒன்பது மணி எட்டு நிமிடம்.

டீச்சர் ஒரு பழைய கடித உறையைத் திருப்பிப் பென்சிலை எடுத்தார். பதினாறு மணி எட்டு நிமிடம். எட்டால் பிரிக்க இரண்டு மணி ஒரு நிமிடம். ஒன்பது எட்டிலிருந்து கழித்தார். திரும்பவும் ஒருமுறை செய்தார். பிறகு விடைக்குக் கீழே இரண்டு கோடு போட்டார்.

"ஏழு மணி ஏழு நிமிஷம். அதுக்குப் பிறகுதான் ராகுகாலம்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இத்தினை வருஷம் இஞ்சை இருந்துகொண்டு ஊர்ச் சூரியனைப் பாத்திருக்கிறன். இந்தக் கணக்குக்கு நானே எனக்கு முட்டை போடவேணும்."

நான் ஆறுதலாகத் தேத்தண்ணியைக் குடித்தேன்.

"ஆனா ஒண்டு," என்று விரலை நீட்டினார். "ஏழு ஏழுக்குப் பிறகு ஒண்டும் தொடங்கக்கூடாது. அதுக்கு முதல் வெளிக்கிடவேணும். நான் மணிக்கூட்டோடைதான் நிப்பன்."

5. ஏழு ஐந்து

மணிக்கூட்டோடுதான் நின்றார். நாலரைக்குச் சரியாக, தேநீர்ச்சாலை வாசலுக்கு வெளியே ஆராத்தித் தட்டு ஏற்றப்பட்டது. உள்ளே ஏற்றினால் புகை அலாரம் அடித்து முழுப் பார்க்கும் வெளியே ஓடும். ஆராத்தி எடுக்க இரண்டு பேர் வேண்டும். டீச்சர் சுற்றிலும் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"மற்றப் பக்கத்தைப் பிடி, பிள்ளை."

"நான் வேதக்காரி, டீச்சர்."

"கையிலை பலம் இருக்குதானே? பிடி."

பிடித்தேன். வதனி குனிந்த தலை நிமிராமல் நின்றாள். டீச்சர் அவளுடைய நெற்றியில் பொட்டு வைத்து, கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே கூட்டிப் போனார். அந்தக் கையை அவர் சாப்பாட்டு மேசை வரைக்கும் விடவில்லை. எனக்குக் கண் கலங்கியது. வடை எடுக்கப் போவதுபோல குசினிக்குள் போய்விட்டேன்.

நாற்பது பேருக்குத் திட்டமிட்டோம், ஐம்பத்திரண்டு பேர் வந்தார்கள். எங்கள் சனம் என்று தெரிந்துதான் அறுபதுக்கு மா கரைத்திருந்தேன். மிஸ்டர் ஹாரிஸ் எட்டிப் பார்த்து, "இது என்ன, சீனி போட மறந்த டோநட்டா?" என்று கேட்டு நாலு வடை சாப்பிட்டார். 'கேக்'கிலும் இரண்டு துண்டு எடுத்துக்கொண்டார்.

ஏழு மணிக்கு டீச்சர் எழும்பினார். "காணும், வெளிக்கிடுங்கோ."

அப்போதுதான் வதனி சிவகரனின் காதில் ஏதோ சொன்னாள். அவன் தயங்கித் தயங்கித் தாயிடம் வந்தான்.

"அம்மா, இவ மூண்டு வருஷமா எதிரை நிண்டு பாத்துக்கொண்டிருக்கிறா. ஒருக்காக்கூட ராட்டினத்திலை ஏறினதில்லை."

பார்க் அடங்கிவிட்டது. ஆனால் ராட்டினத்தில் சிவகரனோடு வேலை செய்யும் பெடியன் ஒருவன் வீட்டுக்குப் போகாமல் சாவியோடு நின்றான். எல்லோரும் டீச்சரின் மணிக்கூட்டைப் பார்த்தார்கள். ஏழு ஐந்து.

"ஏறுங்கோ, ஏறுங்கோ கெதியா!" என்றார் டீச்சர். "நல்ல நேரத்திலை தொடங்கினாச் சரி. முடியிறதுக்குக் கணக்கில்லை."

வதனி கூறைச் சேலையோடு பக்கவாட்டாக ஒரு வெள்ளைக் குதிரையில் ஏறினாள். சிவகரன் பக்கத்துக் குதிரையில். ராட்டினம் மெல்லச் சுழன்றது. அவர்கள் பின்பக்கம் போய் மறைந்ததும் டீச்சர் கழுத்தை நீட்டிப் பார்த்தார். முன்னால் வந்ததும் மூச்சு விட்டார். மறுபடி மறைந்தார்கள், மறுபடி வந்தார்கள். மூன்றாம் நாலாம் சுற்றில்தான் அவருடைய தோள் இறங்கியது. மணிக்கூட்டைப் பார்க்க மறந்துபோயிருந்தார்.

"பார் பிள்ளை," என்று என் கையைத் தட்டினார். "போறதெல்லாம் திரும்பி வருது."

அதன் பிறகு நூற்றுக்கணக்கான விருந்துகளுக்கு நான் ஃபோர்ம் நிரப்பியிருக்கிறேன். திகதி, ஆட்கள், செலவு என்று அச்சடித்த கேள்விகள் அதில் இருந்தன. அவற்றுக்கு மேலே பென்சிலால் நான் ஒரு கேள்வியை எழுதி வைத்திருந்தேன்: யார் வராவிட்டால் இது கொண்டாட்டமில்லை? வெள்ளைக்காரரும் சரி, எங்கள் சனமும் சரி, அதைக் கேட்டதும் ஒரு பெயரைச் சொல்வார்கள். முதலில் அந்த ஆளுக்கு எந்த நேரம் சரிவரும் என்று கேட்டுக்கொள்வேன். அறையும் விலையும் பிறகுதான்.