இடது சக்கரத்து டிஸ்க்

என் வீட்டுக்காரருக்கு வலது பக்கம் கையும் காலும் இழுத்துக்கிச்சு. கால் மூணு மாசத்துல சரியாயிடுச்சு. கைதான் அடம் பிடிச்சுது. மில்லுல இருபத்தஞ்சு வருஷம் ஃபிட்டரா இருந்த மனுஷன். இது பதினாலு, இது பதினேழுன்னு ஸ்பேனரைப் பார்க்காமலே தொட்டுச் சொல்ற கை அது. அந்தக் கையில ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, தினம் நூறு தடவை அமுக்குங்கன்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. நான் ஸ்கூலுக்குக் கிளம்பும்போதும் அமுக்கிக்கிட்டு இருப்பார், பாடம் நடத்தி தொண்டை வத்தி வரும்போதும் அமுக்கிக்கிட்டு இருப்பார். எப்படி இருக்குன்னு கேட்டா "பரவால்ல"ம்பார். அவ்ளோதான் பேச்சு.

கார் ஓட்டலாம்னு டாக்டர் சொன்னது எட்டாவது மாசம். செகண்ட் ஹேண்ட்ல வாங்கின வெள்ளைக் கார். முத்தியால்பேட்டைக் கடல் காத்துல எட்டு மாசம் சும்மாவே நின்னுது. வெளிய எடுத்த அன்னைக்கே பிரேக்கை மிதிச்சா கிரீச்சுன்னு ஒரு சத்தம், எனக்குப் பல்லு கூசிப்போச்சு. நூறடி ரோட்டு மெக்கானிக் சக்கரத்தைக் கழட்டிப் பார்த்துட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"பேடு சுத்தமா தேஞ்சு போச்சு சார். உள்ள இருக்கிற தகடு டிஸ்க்கையே அரைச்சுருக்கு. ரெண்டு பக்கமும் பேடு, டிஸ்க் எல்லாம் மாத்தணும். வுட்டுட்டுப் போங்க, சாயங்காலம் வாங்க."

சக்கரத்தோட சேர்ந்து ஒரு இரும்புத் தட்டு சுத்துதாம், அதுதான் டிஸ்க். பேடு ரெண்டும் ரெண்டு பக்கத்துல இருந்து அதை இறுக்கிப் பிடிச்சாத்தான் வண்டி நிக்குமாம். அன்னைக்குத்தான் எனக்கே தெரியும். இவர் எல்லாத்தையும் கேட்டுட்டு, "சாமானை மட்டும் வாங்கிக்கிறேன். நானே மாத்திக்கிறேன்"ன்னுட்டார்.

வீட்டுக்கு வர்ற வரைக்கும் வாயை அடக்கிக்கிட்டு வந்தேன். கதவைச் சாத்தினதும் ஆரம்பிச்சேன். "சட்டைக்குப் பட்டன் போட முடியல, தினம் நான் போட்டுவிடறேன். இவரு பிரேக்கு மாத்தப் போறாராம்!"

சொன்னதுமே நாக்கைக் கடிச்சுக்கிட்டேன். என் நாக்குல சனிதான் குடியிருக்கு. ஆனா மன்னிப்புக் கேட்கத் தெரியாத ஜென்மம் நான். முப்பது பிள்ளைங்களை "சாரி சொல்லு, சாரி சொல்லு"ன்னு மிரட்டுவேன், எனக்கு வராது. அடுப்புல ஏதோ கருகுறா மாதிரி உள்ள போயிட்டேன்.

அவர் பின்னாலயே வந்து சமையக்கட்டு வாசல்ல நின்னார். கோபமே இல்ல. "திங்கக்கிழமை மில்லுல பதில் சொல்லணும். வேலைக்கு வர்றியா, இல்ல வேலையை விட்டுடறேன்னு எழுதிக் கொடுத்துட்டுப் போறியான்னு கேக்கறாங்க. என் கை என்னான்னு எனக்கே தெரியல. இந்த வேலையைப் பண்ணிப் பார்த்துடறேன். வண்டி ஒழுங்கா நின்னா மில்லுக்குப் போறேன். இல்லன்னா இல்ல"ன்னார். நான் வெங்காயத்தை உரிச்சுக்கிட்டே இருந்தேன்.

சனிக்கிழமை காலையில இடது முன்சக்கரத்தை ஆரம்பிச்சார். பின்சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் செங்கல் வெச்சார். நட்டைக் கையால திருக முடியாம, ஸ்பேனர் மேல ஏறி நின்னு காலால அழுத்தினார். ஜாக்கியைப் போட்டுத் தூக்கி, வண்டிக்கு அடியில கட்டையை முட்டுக் கொடுத்தார். பேடைப் பிடிச்சிருக்கிற கனமான இரும்பு ஒண்ணைக் கழட்டி, ரப்பர் குழாய் அறுந்துடக் கூடாதுன்னு கம்பியில கட்டித் தொங்க விட்டார். பழைய டிஸ்க் துருவோட ஒட்டிக்கிட்டு வரமாட்டேன்னுச்சு. சுத்தியலை இடது கையில எடுத்தார், யோசிச்சார், வலது கைக்கு மாத்திக்கிட்டார். ஒரு அடிக்கு ஒரு தடவை நிறுத்தி மூச்சு வாங்கினார். நான் ஜன்னல் வழியா பார்த்துக்கிட்டே இருந்தேன். போய் உதவி பண்ணலாம்னுதான் இருந்துச்சு. போனா அவ்ளோதான், வேலை அவரோடதா இருக்காது.

புது டிஸ்க் எண்ணெய்ப் பிசுக்கோட வந்திருந்துச்சு. பெட்ரோல்ல துணியை நனைச்சு, வெள்ளி டம்ளர் தேய்க்கிறா மாதிரி தேச்சு மாட்டினார். புதுப் பேடைப் போட்டு, அந்தக் கனமான இரும்பையும் திரும்ப முறுக்கினார். அந்த ஒரு பக்கம் முடியவே பொழுது சாஞ்சிடுச்சு. சக்கரத்தைத் தூக்கி மாட்டத் தெம்பில்ல. "நாளைக்கு அந்தப் பக்கத்தையும் முடிச்சு ரெண்டு சக்கரத்தையும் ஒண்ணா மாட்டிக்கிறேன்"னு படுத்துட்டார்.

விடியக்காலம் கொஞ்சம் தூறல். ஞாயித்துக்கிழமை காலையில அவர் பெரிய மார்க்கெட்டுக்கு மீன் வாங்கப் போயிட்டார். நான் வாசல் பெருக்க வந்தவ காரைப் பார்த்தேன். நேத்து பளபளன்னு இருந்த தட்டு, இன்னைக்குச் செம்மண்ணு பூசினா மாதிரி துரு! அட கடவுளே, இதை அவர் பார்த்தா மனசு விட்டுடுவாரேன்னு இருந்துச்சு. எண்ணெயைத் துடைச்சு எடுத்தவர் அவர்தான், என் கண்ணால பார்த்தேன். எண்ணெய் இல்லாத இரும்பு துருப்பிடிக்காம என்ன பண்ணும்? தோசைக்கல்லைக் கழுவி எண்ணெய் தடவாம வைங்க பார்ப்போம். கடலோரம் குடியிருக்கிற எந்தப் பொம்பளையைக் கேட்டாலும் சொல்லுவா.

தேங்காண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துட்டு வந்து உட்கார்ந்தேன். துணியால துருவைத் துடைச்சேன். முன்பக்கம் ஒரு கை, உள்ள விரலை விட்டுப் பின்பக்கம் ஒரு கைன்னு தாராளமா தடவினேன். தட்டு மின்னுச்சு. வாயால கேட்க முடியாத மன்னிப்பைக் கையால கேட்டுட்டேன்னு எனக்கு அவ்ளோ சந்தோஷம். துணியை ஒளிச்சு வெச்சுட்டு மீன் குழம்புக்குப் புளி ஊற வெக்கப் போயிட்டேன்.

அவர் வந்து வலது பக்கத்தை முடிச்சார். நேத்தைவிட வேகமா முடிச்சார். ரெண்டு சக்கரத்தையும் மாட்டி, நட்டை இறுக்கி, உள்ள உட்கார்ந்து பிரேக்கைப் பத்துத் தடவை மிதிச்சார். "கல்லு மாதிரி இருக்கு! வா, ஏறு"ன்னார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எட்டு மாசம் ஆயிருந்துச்சு.

காலாப்பட்டு பக்கமா போனோம். ரோடு காலியா இருந்துச்சு. மெதுவாத்தான் ஓட்டினார். புதுசைப் பழக்கணும்னு அங்கங்க மிதிச்சுப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் வண்டி லேசா வலது பக்கம் போச்சு. அவர் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சுது. மீனவர் குப்பத்துக்குள்ள போற சின்ன ரோட்டுல திரும்பினதும் எதிர்ல ஒரு ஆடு. மிதிச்சார். வண்டி நிக்கல. வலது பக்கமா இழுத்துக்கிட்டுப் போயி, யாரோ வீடு கட்டக் கொட்டியிருந்த மணல்ல ஏறிச்சு. இடது கையால ஹேண்ட் பிரேக்கை இழுத்து நிறுத்தினார். ஆடு திரும்பிப் பார்த்துட்டு அது பாட்டுக்குப் போச்சு.

யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஆனா அவர் முகத்தைப் பார்க்க முடியல. வலது கையை மடியில வெச்சு, யாரோடதோ கையைப் பார்க்கிறா மாதிரி பார்த்தார்.

"எங்கயோ சரியா முறுக்கல. முறுக்கினா மாதிரிதான் இருந்துச்சு. கை என்கிட்டயே பொய் சொல்லியிருக்கு." என் பக்கம் திரும்பி, "உன்னையும் சேர்த்து ஏத்திக்கிட்டு வந்தேனே. மில்லுக்கு லெட்டர் எழுதிடு. கையெழுத்து மட்டும் போட்டுடறேன்"ன்னார்.

மறைக்காம சொல்றேன், நானும் அந்தக் கையைத்தான் குத்தம் சொன்னேன், மனசுக்குள்ள. பாவி நான். அப்பதான் என் பக்கத்து ஜன்னல் வழியா ஒரு வாசனை வந்துச்சு. காய்ஞ்ச தேங்காண்ணெய். அதிரசம் சுடும்போது வருமே, அதே வாசனை. இடது சக்கரத்துல இருந்து லேசா புகை. எண்ணெய் பட்ட தட்டைப் பேடு பிடிக்காம வழுக்கியிருக்கு.

சொன்னா என்ன நினைப்பார்? ரெண்டு பேரையும் கொன்னிருப்பேனே! சொல்லாம விட்டா யாருக்கும் தெரியாது. மெக்கானிக் வருவான், கை சரியில்லன்னு நினைச்சுக்கிட்டு மாத்திக் கொடுப்பான். அவர் வாசல்ல உட்கார்ந்து பந்தை அமுக்குவார், சாகற வரைக்கும். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கலாம், இதை எதுல மறைக்கிறது?

"என்னாங்க, நான் எண்ணெய் தடவிட்டேங்க."

"எதுல?"

"அந்தத் தட்டுல. இடது பக்கம். துருப்பிடிச்சிருந்துச்சு, நீங்க பார்த்தா வருத்தப்படுவீங்கன்னு. தேங்காண்ணெய். ரெண்டு பக்கமும். தப்புதாங்க, என்னை மன்னிச்சுடுங்க." அழுகையும் வார்த்தையும் ஒண்ணா வந்துச்சு.

கதவைத் திறந்து இறங்கினார். முன்னால சுத்தி வந்து, இடது சக்கரத்துகிட்ட உட்கார்ந்து மோந்து பார்த்தார். எழுந்து என் ஜன்னல்கிட்ட வந்தார். அடிக்கப் போறார்னே நினைச்சேன், முப்பது வருஷத்துல ஒரு தடவை கூட கை ஓங்காத மனுஷன்.

"அப்ப கையில கோளாறு இல்ல?"

"இல்லங்க."

"முறுக்கினதெல்லாம்?"

"நீங்க முறுக்கினதெல்லாம் சரியாத்தான் இருக்கு. நான்தான்."

"சரியாச் சொல்லு. நீ எண்ணெய் தடவினதாலதான் நிக்கல?"

"ஆமாங்க, நான் தடவினதாலதான்."

கார் கூரை மேல ரெண்டு கையையும் வெச்சு, தலையைக் கவுத்துக்கிட்டார். முதல்ல சிரிக்கிறார்னு நினைச்சேன். ஆஸ்பத்திரியில கூட அழாதவர். நான் இறங்கிப் போய் முதுகைத் தடவினேன். "அடிப்பாவி, பிரேக்குக்கு எண்ணெய் தடவுறவ உலகத்துல நீ ஒருத்திதாண்டி"ன்னு மூக்கை உறிஞ்சிக்கிட்டே சொன்னார். அப்புறம்தான் சிரிச்சார்.

கட்டி இழுத்துட்டுப் போக மெக்கானிக்குக்குப் போன் பண்ணினார். நம்பரை வலது கையாலதான் அமுக்கினார். "பேடு எண்ணெயைக் குடிச்சிருக்கும், அது ஆகாது. வேற ஒரு செட்டு கொண்டாந்துடு. இல்ல இல்ல, நீ மாட்ட வேணாம், நானே மாட்டிக்கிறேன்."

"நாளைக்கே பண்ணிடுவீங்களா?"ன்னு கேட்டேன்.

"நாளைக்குக் காலையில எப்படி முடியும்? மில்லுக்குப் போகணுமில்ல"ன்னார்.