கீழே ஒருவர்

எங்கள் கரகந்தா நிலக்கரிச் சுரங்கத்தில் விளக்கறை சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவள் நான், ஸோயா. இறங்குகிறவன் என்னிடம் தலைவிளக்கை வாங்கிப் போவான். ஏறி வந்ததும் திருப்பித் தருவான். விளக்கு வந்தால்தான் ஆள் வந்ததாகக் கணக்கு. அந்தக் கணக்கைப் பார்க்கும் கணினிக்குப் புரோகிராம் எழுதியவள் குல்யாஷ். எழுதியது பாஸ்கல் என்ற பழைய கணினி மொழியில்.

கல்யாணமான புதிதில் எழுதினாள். விளக்கு திரும்பியதும் அவனவன் பெயரோடு திரையில் ஒரு வரி வரும்: "மேலே வந்தாச்சு. வீட்டுக்குப் போகலாம்." புருஷன் தெமிர்போலாத்துக்காக எழுதியது, எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது.

பிறகு சுரங்கத்தில் தீப்பிடித்தது. எரிந்த பகுதியைச் சுவர் எழுப்பி அடைத்துவிட்டார்கள். தெமிர்போலாத் சுவருக்கு அந்தப் பக்கம், விளக்கோடு. அன்றிலிருந்து சுரங்கம் காலியாகக் கிடந்தாலும் திரையில் "கீழே: 1" என்று நிற்கும். விடுமுறை நாளில் அந்த ஒன்றைப் பார்த்தால் எனக்கு முதுகு சில்லிட்டுப் போகும். அதை எடுத்துவிடு என்று அவளிடம் சொல்ல எங்களில் யாருக்கும் வாய் வரவில்லை.

பாஸ்கலைச் செத்த மொழி என்று யாராவது சொன்னால் போச்சு. கல்லூரியோ சங்கக் கூடமோ, நாலு பேர் கூடுகிற இடத்துக்கெல்லாம் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போய் அதன் பெருமையைப் பேசுவாள்.

"பொணத்துக்குப் பவுடர் போடுறியே குல்யாஷ்!" என்று கிண்டலடிப்பார்கள்.

"பொணமா? தினம் உங்களை எண்ணி வீட்டுக்கு அனுப்புறது யாரு, உங்க பாட்டனா?"

புதிதாக வந்த பொறியாளர் அர்சென், எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிய மொழியில் எழுதலாம் என்றான். அப்படிச் செய்தால் பழைய பெயர்கள் அழியும். தெமிர்போலாத்தும் அழிவான். அவள் எதற்காக மல்லுக்கு நின்றாள் என்று எனக்குத் தெரியாதா என்ன! கடைசியில் சுரங்க இயக்குநர், "தொழிலாளர் தினத்தன்னிக்கு எல்லாருக்கும் முன்னால ஓட்டிக் காட்டுங்க, அப்புறம் முடிவு பண்ணலாம்" என்றார்.

அன்று சங்கக் கூடத்தில் பெரிய திரை. குல்யாஷ் அருமையாகப் பேசினாள், பொடிசுகள்கூடத் தலையாட்டின. அப்போது அர்சென் எழுந்தான்.

"அக்கா, இன்னிக்கு லீவு. கீழே ஈ, காக்கா கிடையாது. ஒண்ணுன்னு காட்டுதே? உங்க கிழட்டு மொழிக்கு எண்ணக்கூடத் தெரியலையே!"

இளவட்டங்கள் சிரித்தார்கள். பழைய ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வாயை மூடுடா!" என்று கத்திவிட்டேன்.

குல்யாஷ் என்னைக் கையமர்த்தினாள். "மொழி தப்பா எண்ணல தம்பி. விளக்கு வரல, அதனால ஆள் வரலங்குது. நான் சொல்லிக் கொடுத்ததைத்தான் செய்யுது. கீழே இருக்கிறது என் வீட்டுக்காரர்."

அர்சென் பொத்தென்று உட்கார்ந்தான். இயக்குநர் மட்டும் மெதுவாகக் கேட்டார்: "நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா, மீட்புக்காரங்க இந்த ஒண்ணை நம்பித் தேடிப் போவாங்களேம்மா. போனவங்களுக்கு ஏதாவது ஆனா?"

குல்யாஷ் திரையின் பக்கம் திரும்பினாள். பிறகு விசைப்பலகையில் கை வைத்து, அவன் விளக்கு திரும்பியதாகப் பதிந்தாள்.

"தெமிர்போலாத், மேலே வந்தாச்சு. வீட்டுக்குப் போகலாம்." அதன் அடியில், "கீழே: 0".

யாரோ கைதட்டத் தொடங்க, கூடமே தட்டியது. "பாஸ்கலே இருக்கட்டும்" என்றார் இயக்குநர். குல்யாஷ் அதைக் காதில் வாங்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டிவிட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"எங்கடி ஓடுற? ஜெயிச்சுட்டடி!"

"வீட்டுக்கு, ஸோயா. கதவைப் பூட்டிட்டு வந்துட்டேன். அவர்கிட்ட சாவி இல்ல."