ராம்ரதி கழற்றச் சொன்ன மீட்டர்

ராம்ரதி தேவிக்குச் சொத்து என்று இருந்தது வாய் மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு சமஸ்திபூரில் எங்கள் குளக்கரைத் தெருவையே கட்டி ஆண்டாள். ரேஷன் கடைக்காரன் எடை குறைத்தால் அவள் போய் நின்றால் போதும், குறைந்த அரிசி தானாகப் பைக்கு வந்துவிடும். தெருக்கோடியில் இருக்கும் கைப்பம்பு அவள் சண்டை போட்டு வாங்கியது. ராஜஸ்தானில் கல் அறுக்கப் போன புருஷனுக்கு ஒப்பந்தக்காரன் கூலியை நிறுத்தி வைத்தபோது, தனியாக ரயில் ஏறிப் போய் அவன் வீட்டு வாசலில் உட்கார்ந்து, அவனைப் பெற்றவளே அவனைத் திட்டும் வரைக்கும் கத்தி, கூலியை வாங்கிக்கொண்டு வந்தவள். நான் தெருமுனையில் ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறேன். முறைக்கு அவளுக்குக் கொழுந்தன். பபுவா என்று கூப்பிடுவாள். நான் அண்ணி முறையில் பௌஜி என்பேன். என்னோடும் பலமுறை சண்டை போட்டிருக்கிறாள், பெரும்பாலும் நியாயம் அவள் பக்கம்தான்.

புருஷன் ஜோகிந்தர் சாஹ்னி அந்தக் கூலியோடு கல் தூசியையும் நெஞ்சில் கட்டிக்கொண்டு வந்தார். நுரையீரல் இறுகிப் போய்விட்டது, இனி மருந்தில்லை, ஆக்சிஜன்தான் என்று டாக்டர் கைவிரித்தார். கொரோனா முடிந்த வருஷம் யாரோ புண்ணியவான்கள் ஆஸ்பத்திரிக்குக் கொடுத்த ஆக்சிஜன் மெஷின்களில் ஒன்றை அவள் சண்டை போட்டே வீட்டுக்குக் கொண்டுவந்தாள். மெஷின் ஓடினால் ஜோகிந்தர் அண்ணன் பேசுவார், சீட்டாடுவார், பெண்டாட்டியைக் கேலி செய்வார். நின்றால் கொஞ்ச நேரத்தில் உதடு கறுத்துவிடும். அவசரத்துக்கு ஒரு சின்ன சிலிண்டர் கட்டிலடியில் இருக்கும். ஒரே மகன் சூரத்தில் துணி மில்லில் இருந்தான்.

பழைய மீட்டர் இருந்த காலத்தில் பில் கட்டத் தாமதமானால் கமல்தேவ் என்ற லைன்மேன் ஏணியோடு வருவார். ராம்ரதி ஏணியின் காலைப் பிடித்துக்கொள்வாள். "மேல ஏறு கமல்தேவ், ஏறு. நீ ஒயர வெட்டு, நான் உள்ள போய் அவரு மூச்ச நிறுத்துறேன். ரெண்டு பேரும் சேர்ந்தே செய்வோம்" என்பாள். கமல்தேவ் தலையில் அடித்துக்கொண்டு ஏணியைத் தோளில் போட்டுப் போய்விடுவார். அடுத்த வாரம் பணம் புரட்டிக் கட்டிவிடுவாள். போகிற போக்கில் அவருக்கு டீயும் கொடுப்பாள். இருவருக்கும் அது பழகிப் போன ஏற்பாடு.

ஸ்மார்ட் மீட்டர் மாட்ட ஆட்கள் வந்த அன்று அவள் புருஷனோடு ஆஸ்பத்திரியில் இருந்தாள். இருந்திருந்தால் மாட்ட விட்டிருக்க மாட்டாள். சாயங்காலம் வந்து பார்த்தால் சுவரில் வெள்ளைப் பெட்டி, பச்சை விளக்கு. முன்பணம் கட்டினால் ஓடும், தீர்ந்தால் தானாக நின்றுவிடும், வெட்டுவதற்கு ஆள் வரமாட்டான். அவள் வெகுநேரம் அதையே முறைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்து ஜோகிந்தர் அண்ணன் சிரித்தார். "உன்கூடச் சண்ட போட்டு ஜெயிக்க மனுஷனால ஆகலன்னு கவர்மெண்டு பொட்டிய அனுப்பிடுச்சு, பாரு" என்றார். அன்றைக்கு நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

அடுத்த மாதமே ஒரு காலையில் பணம் தீர்ந்து லைன் நின்றது. அவள் முந்தானை தெருவில் புரள என் கடைக்கு ஓடி வந்தாள். பணத்தைக் கட்டினேன். கட்டியாயிற்று என்று என் போன் சொன்னது, வரவில்லை என்று அவள் வீட்டுப் பெட்டி சொன்னது. எங்கோ சர்வர் படுத்துவிட்டதாம். மத்தியானம்தான் லைன் வந்தது. அதுவரை சின்ன சிலிண்டர் காப்பாற்றியது. லைன் வந்த பிறகு அவள் மீட்டருக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு, யாரைத் திட்டுவது என்று தெரியாமல் விரலைப் பிசைந்தாள். அவள் வாயடைத்துப் போய் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்கு அது பிடிக்கவே இல்லை.

மறுநாள் மின்வாரிய ஆபீசுக்குக் கிளம்பினாள். வாசலில் உட்காரும் மனு எழுதுபவரிடம் அவள் சொன்னது இரண்டே வரி: என் புருஷன் மூச்சு கரண்டில் ஓடுகிறது, இந்த மீட்டரைக் கழற்றி எடுத்துவிட்டுப் பழைய மீட்டரை மாட்டுங்கள். அங்கே இருந்த ஜூனியர் இன்ஜினியர், அதாவது ஜே.இ., இளவயசுக்காரர், கெட்டவர் இல்லை. நாற்காலி கொடுத்து உட்கார வைத்துத்தான் சொன்னார். பழைய மீட்டர் எல்லாம் உடைசலுக்குப் போய்விட்டதாம், இனி மாட்ட முடியாதாம். கழற்ற வேண்டுமானால் கழற்றலாம், ஆனால் வேறு மாட்ட மாட்டோம் என்றார். அவள் விடவில்லை. வாராவாரம் போனாள். கோடை போனது, மழை போனது. கூட்டமாகப் போனால் கேட்பார்கள் என்று தெருவைக் கூப்பிட்டாள். முதல் தடவை பாதித் தெரு போனோம். அடுத்த தடவை நாலு பேர். அதற்கப்புறம் எல்லோருக்கும் வேலை வந்துவிட்டது. மனு மட்டும் ஜே.இ. மேஜையில் கிடந்தது.

அப்புறம் சூரியனுக்கு விரதம் இருக்கும் சத் பூஜை வந்தது. எங்கள் குளக்கரையில் பூஜைக்கு லைன் கொடுப்பது ஜோகிந்தர் வீட்டு வழக்கம். தெருவில் முதன்முதலில் கரண்ட் இழுத்த நாளிலிருந்து அப்படித்தான். குளத்துக்குப் பக்கத்து வீடு அது, அங்கிருந்து ஒயர் போனால்தான் கரையில் விளக்கு எரியும். அந்தப் பூஜைக்குரிய தாய் சத்தி மையாவுக்கு லைன் இல்லை என்று இந்த ஊரில் ஒருத்தியும் சொல்லமாட்டாள், அதுவும் தானே விரதம் இருப்பவள். புருஷன் இன்னும் மூச்சு விடுவதே அந்தத் தாயின் தயவு என்று நம்பினாள். ஜாக்கிரதையாகத்தான் இருந்தாள். பூஜை நாலு நாளைக்கும் தாராளமாக மீட்டரில் பணம் போடச் சொன்னாள், போட்டேன். பணம் இருந்தால் பெட்டி நிற்காது, போன் மாதிரிதானே என்று நாங்கள் எல்லோருமே நினைத்தோம். வீட்டுக்கு இவ்வளவுதான் என்று ஒரு அளவு எழுதி வைத்திருக்கிறார்கள், அதற்கு மேல் இழுத்தால் பணம் கிடந்தாலும் பெட்டி தானாகவே பூட்டிக்கொள்ளும் என்று யாருக்கும் தெரியாது. பழைய மீட்டர் எவ்வளவு இழுத்தாலும் கொஞ்சம் சூடாகும், அவ்வளவுதான்.

அஸ்தமனப் பூஜை. ராம்ரதி மஞ்சள் புடவையில் இடுப்பளவு தண்ணீரில், கையில் பழமும் தேக்குவாப் பலகாரமும் வைத்த முறத்தோடு, மேற்கே பார்த்து நின்றிருந்தாள். முந்தின நாளிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. பையன்கள் பெரிய விளக்குகளையும் ஒலிபெருக்கியையும் ஒன்றாகப் போட்டார்கள். பாட்டு ஆரம்பித்தது, நின்றது. கரை முழுக்க விளக்கு அணைந்தது. ஜனங்கள் விளக்கைப் பார்த்தார்கள். அவள் தன் வீட்டைப் பார்த்தாள்.

விரதக்காரி சூரியனுக்கு அர்க்கியம் கொடுக்காமல் தண்ணீரை விட்டு ஏறக்கூடாது. ஏறினால் என்ன ஆகும் என்று கேட்கக்கூட எங்களுக்குப் பயம். அவள் முறத்தைப் பக்கத்தில் நின்ற அண்டை வீட்டு ஃபூலோ கையில் வைத்துவிட்டு ஏறி ஓடினாள். ஈரப் புடவை காலைத் தட்ட இரண்டு தடவை விழுந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். ஜோகிந்தர் அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார், வாய் திறந்து திறந்து மூடியது. சிலிண்டரை மாட்டினோம். கரை ஒயரைப் பிடுங்கி எறிந்தோம். அப்படியும் மீட்டரில் சிவப்பு விளக்குதான், பூட்டை ஆபீசிலிருந்துதான் திறக்க முடியுமாம். ஆபீசுக்குப் போன் போட்டால் ஒரு பெண் குரல் திருநாள் வாழ்த்து சொல்லி, விடுமுறை முடிந்து தொடர்பு கொள்ளவும் என்றது. சிலிண்டர் முள் இறங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் கமல்தேவைக் கூட்டிவந்தார்கள். ரிட்டையர் ஆன மனிதர். மூங்கிலில் கொக்கி கட்டி, கம்பத்திலிருந்து நேராக மெஷினுக்கு லைன் கொடுத்தார். "என் சர்வீஸ் பூரா இந்த மாதிரி திருட்டுக் கொக்கிய வெட்டித்தான் போட்டிருக்கேன், ராம்ரதி" என்றார். மெஷின் ஓடியது. அண்ணன் உதடு சிவந்தது.

விடுமுறை முடிந்ததும் ஜே.இ. இரண்டு ஆட்களோடு வந்தார். யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. மீட்டர் பூட்டிக் கிடக்க வீட்டில் மெஷின் சத்தம் கேட்டால் வேறு சாட்சி எதற்கு. திருட்டுக் கேஸ் போட்டால் கனெக்‌ஷன் ஜோகிந்தர் பெயரில் இருப்பதால் போலீஸ் அவரைத்தான் தேடும் என்றார். கட்டிலில் கிடப்பவரைப் பார்த்துவிட்டு, மனசு கேட்காமல் ஒரு வழி சொன்னார். அவர் பையிலிருந்து எடுத்தது ராம்ரதியின் மனு. "கேஸ் வேணாம். மீட்டரக் கழற்றச் சொல்லி நீங்களே கொடுத்த மனு இருக்கு. அத ஏத்துக்கிட்டதா எழுதிடறேன். கனெக்‌ஷன் முடிஞ்சுது, எந்த வழக்கும் இல்ல" என்றார். அவர் நன்மைதான் செய்கிறார் என்று அவர் முகத்தில் தெரிந்தது. 

ராம்ரதி சண்டை போடுவாள் என்று நான் காத்திருந்தேன். ஏணிக் காலைப் பிடிப்பாள், ஊரைக் கூட்டுவாள் என்று நினைத்தேன். அவள் கைகூப்பினாள்.

"வேணாம்னு சொன்னது நான்தான், சாகேப். இப்ப வேணும்னு சொல்றதும் நான்தான். அது பாட்டுக்குச் சுவர்ல இருக்கட்டும். இனிமே அதத் திட்ட மாட்டேன்."

ஜே.இ. தலையைக் குனிந்துகொண்டார். ஆள் திருகாணிகளைக் கழற்றினான். எட்டு மாதமாக அவள் கேட்டது நடந்தது. கொக்கியையும் ஒயரையும் சுருட்டி எடுத்துக்கொண்டார்கள். புதுக் கனெக்‌ஷனுக்கு மனு கொடுங்கள், வரிசைப்படி வரும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அன்றிலிருந்து மெஷினுக்கு அக்கம்பக்கத்து லைன்தான். முதலில் ஃபூலோ வீடு கொடுத்தது. அவள் தண்ணீர் மோட்டார் போட்ட நேரத்தில் அவள் வீட்டுப் பெட்டியும் பூட்டிக்கொண்டது. அதற்கப்புறம் எல்லோருக்கும் பயம் பிடித்தது. பழைய மீட்டராக இருந்தால் யோசித்திருக்க மாட்டார்கள், இப்போது ஒவ்வொரு வீட்டிலும் ராத்திரி பகலாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கு மட்டும், நாளைக்கு வேறு வீடு பார்த்துக்கொள், மாப்பிள்ளை வருகிறார், பிள்ளைக்குப் பரீட்சை என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். என் கடை லைனைப் பகலில் கொடுத்தேன். ராத்திரிக்கு அவள் வாசல் வாசலாகப் போனாள். எதையும் சண்டை போட்டே வாங்கியவள், இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்று, கொடுத்தால் வாங்கினாள், இல்லையென்றால் பேசாமல் அடுத்த வாசலுக்குப் போனாள். அதைப் பார்க்க முடியாமல் நான் கடையை மூடிவிட்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறேன். ஜோகிந்தர் அண்ணன் ஒருநாள் என்னிடம், "அவள ஒரு தடவ யாரையாச்சும் திட்டச் சொல்லு பபுவா, கேட்டு நாளாச்சு" என்றார்.

ஒரு காலையில் அவள் சின்ன சிலிண்டரை நிரப்ப ஆஸ்பத்திரி வரிசையில் நின்றிருந்தாள். ராத்திரி லைன் கொடுத்த வீட்டில் விருந்தாளி வந்ததால் ஒயரை எடுத்துவிட்டார்கள். பகலுக்குக் கொடுக்க வேண்டிய என் கடைப்பக்கம் முழுக்க அன்று கம்பத்திலேயே லைன் இல்லை. ஒயரின் நுனி முற்றத்தில் கிடந்தது. நிரம்பிய சிலிண்டரோடு ரிக்‌ஷாவில் வந்து இறங்கியவள், மெஷின் சத்தம் கேட்காத வீட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். உள்ளே போய்ப் பார்க்கவில்லை. நாங்கள்தான் போய்ப் பார்த்தோம்.

மகன் சூரத்திலிருந்து வந்து கொள்ளி வைத்தான். காரியத்தின் கடைசி நாள் ஊருக்கெல்லாம் தயிரும் அவலும் போடும் விருந்து. எங்கள் பக்கத்தில் இறந்தவர் விருந்தில் இருட்டு இருக்கக்கூடாது. சாயங்காலம் ஆனதும் யாரும் கேட்காமலே மதில் மேல் ஒயர்கள் வந்து விழுந்தன. ஃபூலோ வீட்டிலிருந்து ஒன்று, விருந்தாளி வந்த வீட்டிலிருந்து ஒன்று, எதிர் வரிசையிலிருந்து இரண்டு. "ஒரு நாள் ராத்திரிக்குத்தானே" என்று ஃபூலோ சொல்லிக்கொண்டே பல்பு மாட்டினாள். பந்தலில் வரிசையாக விளக்கு எரிந்தது, ஓரத்தில் ஃபேன்கூட ஓடியது.

ராம்ரதி வெள்ளைப் புடவையில் வந்து பந்தல் கால் பக்கத்தில் நின்றாள். ஒவ்வொரு ஒயராக அது வந்த வீடு வரைக்கும் கண்ணால் தொடர்ந்து போய்ப் பார்த்தாள். கோபமே இல்லை. விளங்காததைக் கேட்கிற குரலில் என்னிடம் கேட்டாள்.

"நம்ம தெருவுல இவ்ளோ கரண்டு இருந்துச்சா, பபுவா?"

பந்தியில் தயிர் கேட்டு என்னைக் கூப்பிட்டார்கள். வாளியைத் தூக்கிக்கொண்டு போனேன்.