வயலின் பெட்டியின் வாடை

அக்காவுக்குக் கல்யாணமாகிப் போடிமெட்டுக்குப் போனபோது அவளுடைய வயலின் மட்டும் கீழே எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. அத்தான் அங்கே ஓர் ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசர். மலையில் வருஷத்தில் பாதி நாள் மழையும் மஞ்சும்தான்.

"மேல கொண்டுபோனா ஈரத்துக்குப் பூத்துப்போயிரும். இங்கயே இருக்கட்டும். மாசம் ஒருவாட்டி பெட்டியத் தெறந்து காத்தாட வையி, அது போதும்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

எழுபதுகளின் கடைசி அது. பள்ளிப்படிப்பை முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன். நேரமில்லை என்று சொல்ல வழியே இல்லை. முதல் இரண்டு மாதம் செய்தேன். அப்புறம் விட்டுவிட்டேன். அக்கா வாசித்தால் வீடே வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்து கேட்கும். நானும் கற்றுக்கொள்ளப் போய், விரல் வலிக்கிறது என்று நாலாம் நாளே ஓடிவந்தவள். யாரும் என்னைத் தடுக்கவில்லை. ஆனாலும் அந்தப் பெட்டியைப் பார்த்தாலே ஓர் எரிச்சல். அப்பா ஏலக்காய் மூட்டை அடுக்கும் பின்னறையில், கண்ணில் படாதபடி, ஒரு மூலையில் அதைத் தள்ளிவைத்தேன். அக்காவுக்குக் கடிதம் எழுதும்போதெல்லாம் கடைசி வரியாக, 'வயலின் நன்றாக இருக்கிறது' என்று சேர்த்துவிடுவேன்.

இரண்டு வருஷம் கழித்து அக்காவிடமிருந்து கடிதம் வந்தது. பகலில் பேச ஆளில்லை, பொழுது நகர மாட்டேன் என்கிறது, வாசித்தாலாவது மனசு லேசாகும், அடுத்த வாரம் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தாள்.

அன்றைக்கே பின்னறைக்குப் போனேன். போன வருஷ ஐப்பசி மழையில் அந்த அறையின் ஓடு ஒழுகியிருக்கிறது. பெட்டியின் ஒரு பக்கம் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. திறந்ததும் மக்கிய வாடை முகத்தில் அடித்தது. நனைந்த சாக்கும் கெட்டுப்போன ஏலக்காயும் சேர்ந்து புளித்தமாதிரி ஒரு நெடி. உள்ளே ஒட்டியிருந்த பச்சை வெல்வெட்டில் புள்ளி புள்ளியாகப் பூஞ்சை.

யாரிடமும் சொல்லவில்லை. வயலினைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டுப் பெட்டியை மொட்டைமாடிக்குக் கொண்டுபோனேன். மூக்கைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு பழைய பல் பிரஷ்ஷால் பூஞ்சையைத் தட்டினேன். எலுமிச்சம்பழச் சாறு கலந்த தண்ணீரில் துணியை நனைத்து, ஒட்டப் பிழிந்து, வெல்வெட்டை இழையோடு ஒற்றியெடுத்தேன். இரண்டு நாள் வெயிலில் திறந்துவைத்தேன். பிறகு அடுப்புக்கரியைத் துணியில் முடிந்து உள்ளே போட்டு மூடினேன். மறுநாள் கிண்ணத்தில் காப்பித்தூள். அதற்கடுத்த நாள் காய்ந்த வேப்பிலை. காலையில் எழுந்ததும் முதல் வேலையாகப் பெட்டிக்குள் தலையை விட்டு மோந்து பார்ப்பேன். ஐந்தாம் நாள் வாடை அநேகமாகப் போய்விட்டது.

ஆனால் வயலினுக்குள்ளேயும் அது இருந்தது. மேல்பலகையிலுள்ள துவாரத்தில் மூக்கை வைத்தால் அதே மக்கல். பெட்டிக்குச் செய்ததை இதற்கும் செய்தால் என்ன என்று, அரைமணி நேரம் மட்டும் என்று நினைத்து, மாடித் தரையில் பாய் விரித்து அதையும் வெயிலில் வைத்தேன். கீழே இறங்கினேன், சாப்பிட்டேன், படுத்தேன், தூங்கிவிட்டேன். விழித்தபோது மணி மூன்று.

வயலினைத் தொட்டால் சுட்டது. மேல்பலகை ஒரு பக்கம் பக்கப்பலகையை விட்டு எழும்பியிருந்தது, நகம் நுழையும் அளவுக்கு. அழுத்தினால் மூடியது. விட்டால் திறந்துகொண்டது. தந்திகளைத் தளர்த்தி, பட்டுத்துணியில் இறுக்கிச் சுற்றி, பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன்.

அக்கா தோட்டத்து ஜீப்பில் வந்தாள். பெட்டியைத் திறந்ததும் குனிந்து மோந்தாள்.

"நல்லாத்தான் வச்சிருக்க. வாடை அடிக்குமோன்னு பயந்துக்கிட்டே வந்தேன்."

துணியைப் பிரிக்கப் போனாள். "மேல போயி வாசிச்சுக்கக்கா, ஜீப்பு கெளம்பிரும்" என்று நான் மூடியைச் சாத்தினேன்.

அன்றைக்கு ஜீப்பில் தோட்டத்து ஆட்கள் நிறைய. டிரைவர் பெட்டியை வாங்கிப் பின்னால் அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்தார். ஏதோ ஒரு கொண்டை ஊசி வளைவில் மூட்டை ஒன்று சரிந்து அதன்மேல் சாய்ந்ததாம். வீட்டுக்குப் போய்த் துணியைப் பிரித்த அக்கா, அதே வேகத்தில் ஜீப்பு நிற்கும் இடத்துக்குத் திரும்பி வந்து, ஆட்கள் முன்னால் டிரைவரைத் தாறுமாறாகப் பேசியிருக்கிறாள். 'மனுஷன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்' என்று கடிதத்தில் எழுதியிருந்தாள். அம்மாவுக்கு அதை நான்தான் படித்துக் காட்டினேன். அம்மாவும் அவரைத் திட்டினாள். நான் கடிதத்தை மடித்து வைத்தேன்.

பத்து நாள் கழித்து அந்த டிரைவரே எங்கள் வாசலில் வந்து நின்றார். முப்பது முப்பத்தைந்து வயசிருக்கும். கையில் வயலின் பெட்டி.

"வண்டிச் சாமான் வாங்க மதுரைக்குப் போனேன் தங்கச்சி. சூப்பர்வைசர் வீட்டு அம்மாகிட்டக் கேட்டு இதையும் கொண்டுபோயி ஒட்டிக்கிட்டு வந்துட்டேன். மேல கொண்டுபோறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒருவாட்டி காட்டிட்டுப் போவோம்னு."

பலகை சேர்ந்த இடமே தெரியவில்லை. காப்பி கொண்டுவந்து கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்.

"அடிபட்டதில்லையாம். வெயில்ல சூடேறி வச்சிரப் பசை விட்டுருச்சுன்னு ஒட்டுறவரு சொன்னாரு. நான் இத அம்மாகிட்டச் சொல்லல. தப்பிக்கிறதுக்குச் சொல்றேன்னு நெனப்பாங்க."

அவர் என்னைக் குறுகுறுவென்று பார்க்கவில்லை. காப்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தாண்ணே வெயில்ல வச்சேன். தெரிஞ்சேதான் மூடிக் குடுத்தேன்."

டம்ளரைக் கீழே வைத்தார்.

"எங்கிட்டச் சொல்லிட்டீக. அவங்ககிட்டயும் சொல்லிருங்க. நாலு பேருக்கு முன்னாடி பேசிட்டாங்க, அதான்."

சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. தீபாவளிக்கு அக்கா வந்தாள், பொங்கலுக்கு வந்தாள். இரண்டு தடவையும் வாயைத் திறந்து வேறு எதையோ பேசினேன்.

சித்திரையில் நான் மேலே போனேன். அவருடைய ஜீப்பில்தான். வழியெல்லாம் அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தப் பயணம் போல் நீளமான பயணம் நான் போனதில்லை. அன்று சாயங்காலம் அக்கா வாசித்து முடித்து வில்லைத் தளர்த்திக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன், இரண்டு வருஷம் பெட்டியைத் திறக்காததிலிருந்து.

அக்கா எழுந்து உள்ளே போனாள். சமைத்தாள், பரிமாறினாள். பாய் விரிக்கும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"வயலின் போனாப் போகுதுடி. அந்தாளு என்னயக் கண்டா மொகத்தத் திருப்பிக்கிட்டுப் போவாரு. தப்புப் பண்ணவனுக்கு வெக்கம்னு நான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

மறுநாள் காலை என்னை ஜீப்பில் ஏற்றிவிட வந்தாள். தோட்டத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் ஏறிக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் கேட்கும்படிச் சொன்னாள்.

"அண்ணே, வயலின் ஒடஞ்சது உங்களால இல்ல. எங்க வீட்லதான் நடந்திருக்கு. விசாரிக்காமப் பேசிட்டேன், மன்னிச்சுக்கங்க."

"விடுங்கம்மா. அது அப்பவே சரியாப் போச்சு" என்றார் அவர்.

'எங்க வீட்ல' என்றாளே தவிர, என் பக்கம் கையைக்கூடக் காட்டவில்லை. நான் இரண்டடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தேன். நான்தான் என்று சொல்ல அந்த ஒரு நிமிஷம் இருந்தது. டயரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெரசா ஏறச் சொல்லி உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். ஏறி உட்கார்ந்துகொண்டேன்.