ஆமேலே சொன்ன வெள்ளைக்காரப் பையன்

தொண்டையில் கத்தி வைப்பதற்கு முன்னால் டாக்டரம்மா எல்லாவற்றையும் பக்குவமாகத்தான் சொன்னார். தைராய்டில் கட்டி, பயப்படுகிற மாதிரி இல்லை, எடுத்துவிட்டால் தொல்லை விட்டது. "ஆனா குரலுக்குப் போற நரம்பு பக்கத்துலயே ஓடுதும்மா. குரல் கொஞ்சம் மாறினாலும் மாறலாம்." எனக்குச் சோறு போடுவதே குரல்தான். ஊரிலிருந்து புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு, போனில் கஸ்டமரிடம் எப்படிப் பேசுவது என்று சொல்லிக்கொடுக்கிறவள் நான். அழ வேண்டிய இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என் குரல் ஏற்கெனவே ஒரு தடவை போயிருக்கு டாக்டர்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

போன குரல் ஒரு வெள்ளைக்காரப் பையனுடையது. அதை எனக்குக் கொடுத்துவைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

சின்ன வயதில், லிங்கராஜபுரத்தில் எங்கள் சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை வேதபாடம் வாசிப்பது நான். பெங்களூர்த் தமிழ்ப் பிள்ளைகள் தமிழில் வாய் ஓயாமல் பேசுவோம், வாசிக்கச் சொன்னால் மட்டும் திருதிருவென்று முழிப்போம். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷும் கன்னடமும்தானே. நான் பைபிளைப் பிடித்துக்கொண்டு எப்படியோ எழுத்துக்கூட்டிக் கற்றிருந்தேன். அல்சூரில் ஒரு மாடியில் சின்னதாக ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருந்த மெட்ராஸ்காரர் ஒருவர், தமிழ் படிக்கத் தெரிந்த பிள்ளை வேண்டும் என்று தேடிக்கொண்டு வந்தார். ஒரு டிவி சேனல் பழைய அமெரிக்கப் படங்களை மொத்தமாக வாங்கி, தமிழில் பேசவைக்கச் சொல்லி அவரிடம் கொடுத்திருந்தது. அத்தனையிலும் ஒரே பையன். அந்தக் காலத்தில் அங்கே பெரிய பேர் வாங்கின குழந்தை நட்சத்திரமாம்.

"பையனுக்குப் பொண்ணு குரலா?" என்று அம்மா கேட்டாள். அம்மா கார்மென்ட்ஸில் தையல் வேலை பார்த்தவள், எதையும் இழுத்துப் பார்த்துத்தான் நம்புவாள்.

"பையன் குரல் எப்ப உடையும்னு சொல்ல முடியாதும்மா. பாதிப் படத்துல உடைஞ்சா என் கதி? பொண்ணு குரல் அப்படியே நிக்கும்" என்றார் சார்.

இப்படித்தான் நான் அவன் ஆனேன். திரைச்சீலை போட்ட இருட்டு ரூம், காதில் என் தலைக்குப் பெரிய ஹெட்போன், எதிரே கறுப்பு வெள்ளையில் அவன். புருவத்துக்கு மேலே சுருண்டு விழும் முடி, முன்பல் இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து. முதல் நாள் அவன் வாயைத் திறந்து, உள்ளேயிருந்து என் சத்தம் வந்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போனது. சாப்பிடக்கூடத் தோன்றவில்லை.

படங்கள் வரிசையாக வரவில்லை. இந்த வாரம் அவனுக்குப் பதினொரு வயது, பேப்பர் விற்றான். அடுத்த வாரம் ஆறு வயது, மழலையில் நாய்க்குட்டியைக் கொஞ்சினான். அதற்கடுத்த வாரம் ஒன்பது, அப்பா போருக்குப் போயிருந்தார். அவன் வளர்ந்து வளர்ந்து திரும்பச் சின்னவன் ஆவான். நானும் கூடவே ஆவேன். விழுந்த பல் அடுத்த வாரம் முளைத்திருக்கும், செத்த நாய் திரும்ப வாலாட்டும். உலகத்தில் எல்லாருக்கும் இப்படித்தான் வயது போகும் என்றுகூடக் கொஞ்ச நாள் நினைத்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்து பஸ்ஸில் அம்மா தோளில் சாய்ந்தால் அல்சூர் ஏரிமேல் பனி பெய்துகொண்டிருக்கும். லிங்கராஜபுரம் பாலத்தில் ஒரு கம்பளிக் குல்லா போகும். கண்ணைத் திறந்து பார்த்தால் மழை, நனைந்த ஆட்டோ. நான் மறுபடி கண்ணை மூடிக்கொள்வேன்.

ஒரு படத்தில் அவன் வீட்டை விட்டுப் போகிறான். ரயில் நிலையம், ஒரே புகை. தாய்க்காரி அவன் காலரைச் சரிசெய்தபடி "எப்பப்பா வருவே?" என்கிறாள். அவன் அதற்கு ஒரே ஒரு வார்த்தை சொல்கிறான், இங்கிலீஷில் "சம்டே". தமிழில் "ஒருநாள்" என்று எழுதியிருந்தார்கள். நான் சொன்னேன். சார் தலையில் கை வைத்தார். "அவன் உதடு நடுவுல ஒரு தடவை ஒட்டுது பாரு. ஒருநாள்ல எங்க ஒட்டுது?" சரி, "அப்புறமா" சொல்லு என்றார். அதில் உதடு இரண்டு தடவை ஒட்டுகிறது. என்னென்னமோ மாற்றிப் பார்த்தோம். எதுவும் ஒத்துவரவில்லை. எனக்குப் பசி, மூத்திரம் வேறு முட்டுகிறது. கடைசியில் காகிதத்தைப் பார்க்காமல், வீட்டில் அம்மா கேட்டால் எப்படிச் சொல்வேனோ அப்படிச் சொல்லிவிட்டேன்.

"ஆமேலே."

கச்சிதமாக உட்கார்ந்தது. உதடு நடுவில் ஒட்டி, கடைசியில் திறந்து, அவன் பிறந்ததே அதைச் சொல்லத்தான் என்கிற மாதிரி. சார் துள்ளிக் குதித்தார். பிறகு குதிப்பதை நிறுத்திவிட்டு, "ஆமா, அது என்ன வார்த்தை?" என்றார்.

"ஆமேலேன்னா ஆமேலேதான் சார். இப்ப இல்ல, ஆமேலே."

"அது கன்னடம் பாப்பா."

சத்தியமாக எனக்குத் தெரியாது. சாப்பிட வாடி என்றால் ஆமேலே. விளக்குமாற்றை எடுடி என்றால் ஆமேலே. எங்கள் தெருவில் அத்தனை பேர் வாயிலும் புழங்கிய தமிழ் அது. எனக்கு மானம் போனது. சார் விழுந்து விழுந்து சிரித்தார், ஆனால் மாற்றவில்லை. படம் டிவியில் வந்த அன்று எங்கள் வீட்டில் தெருவே உட்கார்ந்திருந்தது. புகைக்கு நடுவில் அவன் அதைச் சொன்னதும் ஒரே விசில். "அடப்பாவி, நம்ம லிங்கராஜபுரத்துப் பையன்டா!" அம்மா மட்டும் விசில் அடிக்கவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "பெத்தவளுக்கு ஒரு தேதி சொல்லக்கூடாதா அந்தப் புள்ள?" என்றாள்.

கடைசிப் படம் வந்தது. நான் ஓடிப்போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். திரையில் நெட்டையாக ஒருவன் வந்தான், கழுத்தில் உருண்டை. பல் சந்தைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். வாயைத் திறந்தான், கரகரவென்று என்னமோ வந்தது. நான் பேசிப் பார்த்தேன். அடித்தொண்டையில், வாயைக் குவித்து, எப்படி எப்படியோ. கிணற்றுக்குள் பூனை கத்துகிற மாதிரி இருந்தது.

"போதும் பாப்பா. அவன் வளந்துட்டான்" என்றார் சார், மெதுவாகத்தான். அந்தப் படத்துக்கு வேறொரு ஆம்பிளையைக் கூப்பிட்டுப் பேசவைத்தார்கள். மறுவாரத்திலிருந்து எனக்கு அல்சூரில் வேலை இல்லை. உடையாது என்று என்னைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். என் குரல் உடையவே இல்லையே, அவனுடையதுதானே உடைந்தது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துரோகி என்று அவனைத் திட்டினேன். அந்தப் படம் டிவியில் ஓடியபோது டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன்.

ஆபரேஷனுக்கு நாள் குறித்த பிறகுதான் அவனை இன்டர்நெட்டில் தேடத் தோன்றியது. நான் பேசின தமிழ்ப் படங்கள் ஒன்றும் அகப்படவில்லை, சேனலே எப்போதோ மூடிக்கிடந்தது. இங்கிலீஷ் படங்கள் இருந்தன. கூடவே ஒரு சின்ன வீடியோ. நாற்காலியில் ஒரு கிழவர், கன்னமெல்லாம் புள்ளி, பல் சந்து மட்டும் அப்படியே. பெரிய படக் கம்பெனி, தினமும் காலையில் வாசலுக்குக் கார் அனுப்புவார்களாம். ஒருநாள் காலைச் சாப்பாட்டில் பால் கேட்டாராம், குரல் இரண்டாகப் பிளந்து வந்ததாம். மேஜையில் எல்லாரும் சிரித்தார்களாம். அதற்குப் பிறகு ஒரே ஒரு படம், அதில் ஒரே ஒரு காட்சி. அப்புறம் கார் வரவில்லை. "நான் சட்டை போட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்திருப்பேன்" என்று சொல்லிவிட்டு அவர் சிரித்தார். ஆணி, பெயிண்ட் விற்கும் கடையில் மிச்ச வாழ்க்கை போயிற்று.

இத்தனை வருஷம் யாரைத் திட்டிக்கொண்டிருந்தேன்? அவனும்தான் படியில் உட்கார்ந்திருக்கிறான், பாவம். அந்த ஒற்றைக் காட்சியை மட்டும் நான் பார்க்கவில்லை. ஆமேலே பார்க்கலாம் என்று மூடி வைத்தேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கண் விழித்ததும் டாக்டரம்மா குனிந்து, "பேர் சொல்லுங்க" என்றார். சொன்னேன். காற்றுதான் வந்தது. "நரம்பு சோர்ந்துபோயிருக்கு. ஸ்வல்ப நாள் பேசவே பேசாதீங்க, ஆமேலே பாக்கலாம்" என்றார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து வாயை மூடிக்கொண்டு கிடந்தேன். பேச வேண்டாம் என்ற கெடு முடிந்தும் பேசவில்லை. பயம்தான், வேறென்ன? திறந்தால் காற்றுதான் வரும் என்றால் திறக்காமலே இருந்துவிடலாமே. அம்மா ஒன்றும் கேட்கவில்லை. கஞ்சியில் உப்பு போதுமா என்று என் முகத்தைப் பார்ப்பாள், நான் தலையாட்டுவேன், அவள் சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களை உருட்டுவாள். ஒன்றும் பேசாத மகளுக்கு அவள் பேசும் சத்தம் அது.

ஒரு மத்தியானம் அம்மா உள்ளே கண்ணயர்ந்திருந்தாள். வெளியே தூறல். நான் மூடி வைத்த அந்தக் காட்சியைத் திறந்து, சத்தத்தை முழுசாக அணைத்தேன்.

நெட்டைப் பையன் தந்தி கொண்டுவருகிறான். கதவைத் தட்டுகிறான். ஒரு அம்மாள் திறந்து, தந்தியை வாங்கிக்கொண்டு, உள்ளே வந்து காப்பி குடித்துவிட்டுப் போயேன் என்று கையைக் காட்டுகிறாள். அவன் தொப்பியைக் கழற்றுகிறான். உதடு அசைகிறது. வாசலில் அவன் நிற்பதைப் பார்த்ததும் எனக்குப் பழைய இருட்டு ரூம், ஹெட்போன், சாரின் கை உயர்வது எல்லாம் வந்துவிட்டது. அந்தக் கை இறங்கியதும் பேசியாக வேண்டும். பேசிவிட்டேன்.

"ஆமேலே வரேம்மா."

கரகரவென்று வந்தது. அடியில் கனமாக, மேலே இரண்டாகப் பிளந்து, வளர்கிற பையனுக்கு உடைகிற அதே குரல். உதடு நடுவில் ஒட்டியது, கடைசியில் திறந்தது. அன்று நான் எவ்வளவு முக்கியும் வராத சத்தம். நான் திரும்ப ஓடவிட்டுத் திரும்பச் சொன்னேன். அழுகிறேனா சிரிக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது.

"யாருடி வந்திருக்கா? ஆம்பளக் குரல் கேக்குது?"

அம்மா சேலையைச் சரிசெய்துகொண்டு வாசல் பக்கம் பார்த்தாள். அங்கே யாருமில்லை. பிறகு என்னைப் பார்த்தாள். நான் திரையைக் காட்டினேன்.

"அவன்தாம்மா" என்றேன், அந்தக் குரலிலேயே. "வளந்துட்டான்."