கால் டிரம் தண்ணீர்

கப்பலில் இருந்தவரை அந்தக் காற்றடைக்கும் இயந்திரத்துக்குத் தண்ணீர்க் கவலையே இருந்திருக்காது. சுற்றிலும் கடல். எவ்வளவு சூடானாலும் ஒரு குழாயால் உறிஞ்சி இன்னொரு குழாயால் துப்பிவிடலாம். துறைமுகத்தில் கழித்துப் போட்டதை ஏலத்தில் எடுத்து, மீன்பாடி வண்டியில் ஏற்றி, மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் எங்கள் சந்தில் கொண்டுவந்து இறக்கினார் என் கணவர். தொண்ணூறுகளின் பிற்பாதி அது. அந்தக் கோடையில் குளத்துக்குள் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

அவருக்கு இன்ஷூரன்ஸ் ஆபீசில் உத்தியோகம். ஞாயிறு வந்தால் ஏர் பிஸ்டல். பத்து மீட்டர் தள்ளி ஓர் அட்டை, அதன் நடுவே கடுகளவு புள்ளி. வலது கையை நீட்டிக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும், ஆட்டமே அவ்வளவுதான். என்னோடு சண்டை போடும்போதுகூட அந்தக் கை ஆடாது. எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும், அவர் தம்ளரிலிருந்து ஒரு சொட்டு சிந்தாமல் காபி குடிப்பார்.

புதிதாக வந்த பிஸ்டல்களெல்லாம் அடைத்த காற்றில் ஓடுபவை. லாரி டயரில் இருப்பதைப்போல இருபது மடங்குக்கு மேல் அழுத்தம் வேண்டும். சைக்கிள் கடையில் போய்ப் பிடித்துக்கொள்கிற சமாசாரம் இல்லை. அதைச் சிலிண்டரில் நிரப்பித் தர ஊரில் ஒரே ஓர் இடம் இருந்தது, துறைமுகத்துக்கும் அப்பால், இரண்டு பஸ் மாறி. கிளப்பில் இவரோடு சேர்த்து ஐந்து பேர். ஐந்து பேருக்கும் நம் வீட்டிலேயே நிரப்பிக் கொடுத்துவிடலாம் என்று இவர் முடிவு செய்தபோது என்னை யாரும் கேட்கவில்லை.

மேற்கு மாம்பலத்திலிருந்து ஒரு மெக்கானிக் வந்து அதைப் பொருத்திக் கொடுத்தார். குளியலறைக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவே இருந்த நடையில் சிமெண்டு மேடை கட்டி, டயர் துண்டுகளை அடியில் வைத்து, போல்ட் போட்டு முறுக்கினார். பக்கத்தில் ஒரு பெரிய பிளாஸ்டிக் டிரம். அதிலிருந்து ஒரு குட்டி மோட்டார் தண்ணீரை இழுத்து இயந்திரத்தின் உடம்புக்குள் ஓட்டும். சூடான தண்ணீர் மறுபக்கம் ஒரு டியூபில் வெளியே வந்து சாக்கடைக்குப் போகும். காற்றை இறுக்க இறுக்கச் சூடு ஏறும், அந்தச் சூட்டை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்கு வெப்பம் பற்றிப் பாடம் எடுப்பவள்.

மெக்கானிக் என்னவோ என்னைத்தான் கூப்பிட்டுக் காட்டினார். தண்ணீருக்குப் பொறுப்பு நான்தான் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"இத பாரும்மா. வெளிய வர்ற தண்ணில கைய வெச்சி பத்து எண்ணு. தாங்குச்சின்னா ஓட்டு. தாங்கலன்னா யாரையும் கேக்காத, நிறுத்திடு. உள்ள கீறது வெறும் காத்துன்னு நெனச்சிக்கினு இருக்காத."

முதல் ஞாயிறு அதை ஓட்டியபோது சமையலறை அலமாரியில் எவர்சில்வர் டப்பாக்கள் நடுங்கி நடுங்கி விளிம்புக்கு வந்துவிட்டன. முருங்கை மரத்தில் இருந்த காக்கைகள் கிளம்பிப் போய் மத்தியானம்வரை திரும்பவில்லை. அவர் முக்காலி போட்டு, அழுத்தம் காட்டும் மீட்டர் எதிரில் உட்கார்ந்துகொண்டார். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு சின்னத் திருகைத் திறப்பார். மெட்ராஸ் காற்றில் இருக்கிற ஈரமெல்லாம் பிழிபட்டு, எண்ணெய் நாற்றத்தோடு பால் மாதிரி சீறிக்கொண்டு வெளியே வரும். முள் ஏற ஏற நான் சுவிட்சுப் பக்கமாக நகர்ந்து நிற்பேன். பயந்தேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. அவருக்குப் பயமே இல்லாததுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது.

ஒரு சிலிண்டர் நிரம்ப முக்கால் மணி நேரம். அதற்குள் டிரம்மில் இருந்த தண்ணீர் மொத்தமும் சாக்கடைக்குள் போய்விட்டிருந்தது.

அந்தக் கோடையில் மெட்ராஸில் இருந்தவர்களுக்கு ஒரு டிரம் தண்ணீர் என்றால் என்னவென்று தெரியும். அடிபம்பில் முக்கால்வாசி நாள் காற்றுதான் வரும். தண்ணி லாரி தெருமுனையில் நின்றால் குடத்தோடு ஓட வேண்டும். ஓடியது நான். மாடியிலிருந்து வீட்டுக்கார மாமி சாக்கடையை எட்டிப் பார்த்துவிட்டு, "ஊரே தவிச்சிண்டிருக்கு, நீங்க இப்படிக் கொட்டறேளே" என்றாள். எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. மாமி சொன்னது நியாயம்தானே?

அடுத்த ஞாயிறு அவர் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது சாக்கடையில் கிடந்த டியூபை எடுத்து, டிரம்மின் பின்பக்கமாக உள்ளே விட்டேன். போன தண்ணீர் டிரம்முக்கே திரும்பி வந்தது. நிரம்பி முடிந்ததும் கையை விட்டுப் பார்த்தேன். வெதுவெதுவென்று இருந்தது, அவ்வளவுதான். அதிலேயே துணி துவைத்தேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். அவரிடம் சொல்லவில்லை. மெக்கானிக் வாக்கு அவருக்கு வேதவாக்கு, வேண்டாம் என்பார். அப்புறம் வாரா வாரம் சாக்கடைக்காக யார் குடம் தூக்குவது? அவர் தூக்கமாட்டார், கையைப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.

மூன்று மாதம் இப்படியே ஓடியது. ஒரு விபரீதமும் இல்லை. அதனால் எனக்குத் துணிச்சல் வந்துவிட்டது.

பிறகு டில்லியிலிருந்து கடிதம் வந்தது. தேசிய அணிக்கான தேர்வு. பதினைந்து வருடமாகச் சுட்டுக்கொண்டிருந்தவரை முதல்முறையாகக் கூப்பிட்டிருந்தார்கள். இனிமேல் கூப்பிடுகிற வயசும் இல்லை. கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனார், அதோடேயே திரும்பி வந்தார். புறப்படப் பத்து நாள் இருந்தது. அந்த ஞாயிறு எங்களிடம் இருந்த இரண்டு சிலிண்டர்களையும் அடுத்தடுத்து நிரப்பிவிட வேண்டும், வாரம் முழுக்கப் பயிற்சி என்றார்.

மூன்று நாளாக லாரி வரவில்லை. டிரம்மில் கால்வாசிதான் தண்ணீர்.

"தண்ணி இருக்கோல்லியோ?" என்று கேட்டார்.

"இருக்கு" என்றேன்.

அதைப் பொய் என்று சொல்ல முடியாது. இதுவரை நூறு தடவையாவது எனக்கு நானே அப்படிச் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

முதல் சிலிண்டர் முடிந்தபோது தண்ணீர் குளிக்கிற சூட்டுக்கு வந்திருந்தது. சற்று ஆறவிடலாம் என்று வாய்வரை வந்தது. ஏன் என்று கேட்பார், டியூபைக் காட்ட வேண்டியிருக்கும். அவர் காற்று போகும் ஹோஸைக் கழற்றி இரண்டாவது சிலிண்டரில் மாட்டி, ஸ்பானரால் முறுக்கிவிட்டு உட்கார்ந்தார்.

நாற்பது நிமிடம் கழித்து டிரம்மிலிருந்து ஆவி எழும்பியது. சத்தமும் மாறியிருந்தது, தொண்டை கட்டியவன் இருமுவது மாதிரி. தண்ணீரில் கையை வைத்தேன். நான்கு எண்ணுவதற்குள் எடுத்துவிட்டேன். முள் நூற்றெண்பதைத் தாண்டியிருந்தது, இருநூறில் நிரம்பிவிடும். இன்னும் ஐந்து நிமிடம். ஐந்தே நிமிடம் பொறுத்தால் முடிந்துவிடும், யாருக்கும் தெரியவேண்டாம் என்று நினைத்தேன். சுவிட்சு என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. தீய்ந்த எண்ணெய் வாசனை வந்தது. அவரும் மோந்து பார்த்தார். திருகைத் திறக்க வலது கையை நீட்டினார்.

சத்தம் எனக்கு நினைவில்லை. தெருவே கேட்டது என்றார்கள். சூட்டில் ஹோஸ் மூட்டுக்குள் இருந்த ரப்பர் இளகி, ஹோஸ் பிடுங்கிக்கொண்டு சுழன்றிருக்கிறது. அதன் முனையில் இருந்த பித்தளை அவர் மணிக்கட்டில் இறங்கியிருந்தது. நான் பார்த்தபோது அவர் முக்காலியில்தான் இருந்தார். இடது கையால் வலது கையைத் தாங்கிக்கொண்டு, இயந்திரத்தை நிறுத்து என்று என்னிடம் சாதாரணமாகச் சொன்னார். நிறுத்தினேன். பிறகு டியூபை டிரம்மிலிருந்து எடுத்துச் சாக்கடையில் போட்டேன். அடிபட்ட மனுஷரை அப்படியே விட்டுவிட்டு முதலில் அதைச் செய்தேன்.

மணிக்கட்டில் தகடு வைத்தார்கள். எலும்பு கூடியது, எழுதுவார், சாப்பிடுவார். ஆனால் கையை நீட்டினால் மூன்று நான்கு விநாடியில் நடுக்கம் வந்துவிடும். டில்லிக்கு வேறொருவர் போனார். பார்க்க வந்த எல்லோரிடமும் இவர் ஒன்றையே சொன்னார்: அவசரத்தில் ஹோஸ் மூட்டைச் சரியாக முறுக்காமல் விட்டுவிட்டேன், ஒரு சுற்று குறைந்திருக்கும். சாப்பாட்டுக்கு நடுவே இடது கையால் காற்றில் ஸ்பானரைத் திருப்புவதுபோல் திருப்பிப் பார்ப்பார். எத்தனை சுற்று என்று எண்ணுகிறார் என்று எனக்குத் தெரியும். சாம்பார் வேண்டுமா என்று கேட்பேன்.

ஒரு வருடம் அந்த இயந்திரம் சாக்குப் போர்த்திக்கொண்டு நடையில் கிடந்தது. மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டலாமே என்று கிளப் நண்பர்கள் சொன்னபோது எதற்கு வீண்செலவு என்று தடுத்தது நான். பிறகு அடையாறிலிருந்து ஒருவர் வாங்கிக்கொள்ள வந்தார். வீட்டு மாடியில் சுடும் இடம் போடப் போகிறாராம். இவர் சாக்கை எடுத்து ஒவ்வொன்றாக விளக்கினார். தன் மணிக்கட்டைக் காட்டி, ஹோஸ் மூட்டை இரண்டு தடவை முறுக்குங்கள், என் அஜாக்கிரதையைப் பாருங்கள் என்றார். வந்தவர் தண்ணீரைப் பற்றிக் கேட்டார்.

"அது என் ஆத்துக்காரி பாத்துண்டா. அதுல ஒரு குறையும் கிடையாது" என்றார் இவர்.

நான் காபியோடு நின்றுகொண்டிருந்தேன். அந்த மனுஷருக்கு மனைவி இருப்பாள், அவர்கள் வீட்டிலும் தண்ணீர்க் கஷ்டம்தான்.

"வெளில வர்ற தண்ணிய டிரம்முக்கே திருப்பி விட்டுடாதீங்கோ" என்றேன். "சூடு ஏறிண்டே போகும். நான் அப்படித்தான் விட்டேன்."

வந்தவர் தலையாட்டிவிட்டுக் காபியை வாங்கிக்கொண்டார். அவருக்கு அது இன்னொரு குறிப்பு. இவர் என் பக்கம் திரும்பவே இல்லை. வண்டி வந்து இயந்திரத்தை ஏற்றிக்கொண்டு போகும்வரை வாசலிலேயே நின்றார்.

வாசற்கதவைச் சாத்திவிட்டு வந்து கேட்டார். "அன்னிக்கு மட்டுமா?"

"மூணு மாசமா. அன்னிக்குக் கால் டிரம்தான் இருந்தது."

கத்துவார் என்று நின்றேன். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து வலது கையை மடியில் வைத்து, இடது கையால் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு அவர் முகம் இளகியது. கல்யாணமான புதிதில் பார்த்த முகம்.

"அப்போ நான் சரியாத்தான் முறுக்கியிருக்கேன்" என்றார்.