அலை போட்ட கப்பல்

மலேசியாவில், மலாக்கா பக்கத்துப் புக்கிட் ரம்பாயில் கல்லில் எழுத்து வெட்டும் கடை ஒன்றில் எனக்கு வேலை. கல்லறைக் கல், கோயில் கல்வெட்டு, வீட்டு வாசல் பெயர் எல்லாம் வெட்டுவேன். படிப்பு மூன்றாம் படிவத்தோடு நின்றுவிட்டது. வாடிக்கையாளரிடம் கேள்வி கேட்க எனக்குக் கூச்சம். தாளில் உள்ளதை அப்படியே வெட்டிக் கொடுத்துவிடுவேன்.

போன வருடம் மெர்லிமாவ் பக்கத்து எஸ்டேட் கோயில் தலைவர் ஒரு கறுப்புக் கல்லுக்குச் சொல்லிவிட்டுப் போனார். அந்த எஸ்டேட்டில் ஒரு காலத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த யாழ்ப்பாணத்துக்காரரின் மகன், இருபத்து மூன்று வயதில் இரண்டாம் உலகப் போரில் இறந்தவராம். உடல் கிடைக்கவில்லை. பிறந்த மண்ணில் அவர் பெயரை ஒரு கல்லிலாவது பார்த்துவிட வேண்டும் என்று அவருடைய அக்காள் மகளுக்கு ஆசை. அந்த அம்மாள் மலாக்கா டவுனில் இருக்கும், ஓய்வு பெற்ற டீச்சர். ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் திறப்பு.

‘கப்பலோட்டி உயிர் நீத்தார்’ என்று தலைவர் எழுதிக் கொடுத்திருந்தார். வெட்டினேன். கல்லின் மேல்பக்கம் வெறுமையாகத் தெரிந்ததால், யாரும் கேட்காமலே ஒரு கப்பலையும் அதன் கீழே இரண்டு அலைகளையும் சேர்த்தேன்.

வெள்ளிக்கிழமை டீச்சர் தலைவரோடு கல்லைப் பார்க்க வந்தார்.

“தம்பி, இதென்ன? மாமா கடலில சாகேல்ல. அவர் குண்டு போடுற பிளேன் ஓட்டினவர்.”

தலைவர் தலையைச் சொறிந்தார். “அதான் டீச்சர், கப்பலு. நாங்க அப்படித்தான் லா சொல்லுவோம். மெட்ராசுக்குக் கப்பல்லதானே போறோம்?”

“நீங்கள் சொல்லுங்கோ. இவர் அலையும் போட்டிருக்கிறாரே!”

எனக்கு முகம் சுட்டது. எங்கள் வீட்டிலும் ஆகாய விமானம் கப்பல்தான். மலாய்க்காரர்கள் ‘கப்பால் தெர்பாங்’ என்பதில் பாதியை எடுத்துக்கொண்டோம், பறப்பதை விட்டுவிட்டோம்.

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பையிலிருந்து ஒரு படத்தை எடுத்துக் காட்டினார். மெலிந்த முகம், சட்டையில் சிறகுச் சின்னம். ரப்பர் மரங்களுக்கு நடுவே சைக்கிளில் கையை விட்டு ஓட்டி அப்பாவிடம் அடி வாங்கியவராம். மேல்படிப்புக்கு லண்டனுக்குப் போனார். அதுதான் அவர் ஏறிய நிஜக் கப்பல். அங்கே சண்டை வந்ததும் விமானப் படையில் சேர்ந்தார்.

இங்கே ஜப்பான்காரன் இருந்த காலம் முழுக்க எஸ்டேட்டுக்குக் கடிதமே வரவில்லை. அவன் போன பிறகு எல்லாம் ஒரே கட்டாக வந்தது. மேலே இருந்தது சாவுச் செய்தி. அதைப் படித்த பிறகுதான் மகன் உயிரோடு இருந்தபோது எழுதியவற்றை அம்மா ஒவ்வொன்றாகப் படித்திருக்கிறார். ஒன்றில், ‘கீழே இருப்பதும் மனிதர் வாழும் ஊர்தான் அம்மா, அதை நினைத்துக்கொண்டுதான் ஏறுகிறேன்’ என்று எழுதியிருந்தாராம்.

விமானத்தில் கூட இருந்து தப்பியவர் ஒருவரும் எழுதியிருந்தார். இறக்கையில் தீப்பிடித்ததும் டீச்சரின் மாமா எல்லாரையும் குதிக்கச் சொன்னாராம். விமானம் கவிழ்ந்தால் அவர்களால் குதிக்க முடியாது. அதனால் கடைசி ஆள் வெளியேறும்வரை அதை நேராகவே பிடித்திருந்தார். பிறகு அவருக்கு நேரமில்லை.

சைக்கிளில் கையை விட்டவர் அங்கே விடவில்லை.

“ஞாயிறுக்குள்ள புதுக் கல்லு கிடைக்காதே,” என்றார் தலைவர்.

“திருப்பிப் போட்டு வெட்டித் தர்றேன்,” என்றேன். பிறகு, வழக்கமில்லாமல் ஒரு கேள்வியும் கேட்டேன். “டீச்சர், மேல என்ன போடட்டும்?”

“ஒண்டும் வேண்டாம். விட்டால் நீங்கள் சிறகு வைச்ச தோணி போட்டுவிடுவீங்கள்.”

முதல் முறையாகச் சிரித்தார்.

சனிக்கிழமை முழுக்கப் பின்பக்கத்தை வழவழப்பாக்கி, ‘குண்டுவீச்சு விமானி’ என்று வெட்டினேன். ஒவ்வோர் எழுத்தையும் டீச்சரிடம் போனில் படித்துக் காட்டிய பிறகே உளியை வைத்தேன். கப்பல் சுவர்ப் பக்கம் போய்விட்டது.

திறப்பன்று டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு கல்லை இரண்டு முறை படித்தார். மாமாவின் பெயரை விரலால் தடவினார். பின்னால் நின்ற எஸ்டேட் அக்கா ஒருவர் என்னிடம் குனிந்து கேட்டார்.

“விமானின்னா யாரு தம்பி?”

டீச்சர் திரும்பிப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள். ஆனாலும் சொன்னேன்.

“கப்பல் ஓட்டுனவரு, அக்கா. மேல பறக்குற கப்பலு. எரியும்போதும் கைய விடல.”

டீச்சர் திருத்தவில்லை.